சந்தனம் அப்பிய முத்திரை

வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள், இனிமையான அனுபவமாக இருக்கட்டும் மேடம் என்றார்கள். இனிமை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் எனக்கு அடங்காத கோபம் ஒன்று இருக்கிறது. அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கும்போது திடீரென்று நினைப்பு வந்து பல்லைக் கடிக்கிறேன். "யாரத் திட்டுறீங்க அத்தே?" என்று மருமகள் எட்டிப் பார்க்கிறாள். அந்தக் கோபத்தைத்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

உங்கள் காலத்தில் பெரும்பாலான சான்றுகள் கணினியிலேயே முடிந்துவிடுகின்றன. அதனால் அலுவலக இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும் அந்தப் பித்தளை முத்திரையை ஏதோ பழைய சாமான் என்று நினைப்பீர்கள். கைக்குள் அடங்குகிற மரப்பிடி, அடியில் வட்டமான பித்தளை முகம், நடுவில் அரசின் கோபுரம், சுற்றிலும் அலுவலகத்தின் பெயர். அவ்வளவுதான். ஆனால் சில காகிதங்கள் இன்றைக்கும் அது விழுந்தால்தான் செல்லும். அந்தக் காகிதம் கோர்ட்டுக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும், கடல் தாண்டியும் போகும். அங்கே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. கோபுரம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பான்.

நான் முதலில் வேலை பார்த்தது சாயல்குடிப் பக்கம். அங்கே ஒரு தலைமை எழுத்தர் இருந்தார். நல்ல மனிதர் என்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் வேலைக்கு வந்தாலே அவருக்கு இளக்காரம், வாயைத் திறந்தால் எரிந்து விழுவார். ஆனால் தினமும் காலையில் பெட்டியைத் திறந்ததும் முத்திரையை ஒரு கழிவுத் தாளில் குத்திப் பார்ப்பார். உற்றுப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் அடுத்த வேலை. ஒரு நாள் ஏன் சார் என்று கேட்டுவிட்டேன். "ஒருத்தன் இதத் தூக்கிட்டு மெட்ராஸ் வரைக்கும் போவாம்மா. அங்கன போயி அவன் அசிங்கப்படக் கூடாது" என்றார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் அவரோடு போகட்டும்.

அதற்குப் பிறகு நான் பார்த்த அதிகாரிகளின் லட்சணம் இருக்கிறதே! முத்திரையைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர் ஒருவர். மறுநாள் பட்டாவில் சாம்பார் வாசம் அடித்தது. வெற்றுத் தாள்களில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு முகாமுக்குக் கிளம்பிப் போனவர் இன்னொருவர். கேட்டால் பொதுமக்கள் வசதிக்காக என்பார். பொதுமக்களுக்கா, வாசலில் நிற்கிற புரோக்கருக்கா என்று நான் சண்டை போட்டு, அதற்காகவே என்னைத் தேவிபட்டினம் பக்கம் தூக்கி அடித்தார்கள். போனேன். உப்புக்காற்று எனக்கொன்றும் புதிதில்லை.

இவர்கள் எல்லாம் முத்திரையை அலட்சியம் செய்தவர்கள். நான் இப்போது சொல்லப் போகிறவர் முத்திரையை விழுந்து கும்பிட்டவர்.

கடற்கரைத் தாலுகா ஒன்றில் நான் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அலுவலக முத்திரையும் பெட்டிச் சாவியும் என் பொறுப்பு. எனக்கு மேலே வட்டாட்சியர். பக்திமான். நெற்றியில் பட்டை, மேசையில் அரை டஜன் சாமி படம், பேச்சுக்குப் பேச்சு "எல்லாம் அவன் செயல்". கையெழுத்துப் போடுவது மட்டும் அவன் செயலாக இருந்தால் தேவலை என்று நாங்கள் பின்னால் சொல்லிச் சிரிப்போம். எந்தக் கோப்பிலும் அத்தனை சீக்கிரம் கையெழுத்து விழாது.

அந்தச் சமயத்தில்தான் அருள்மேரி வந்தாள். கடலோரத்துப் பெண், கடல் பாசி எடுக்கிறவள். பாறை கீறிக் கீறி விரல் நுனியெல்லாம் தழும்பாக இருக்கும். அவளுடைய தம்பி அந்தோணிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வள்ளத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் மதுரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸில் கிடந்தான். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க அருள்மேரி தயாராகிவிட்டாள். எல்லாச் சோதனையும் பொருந்திவிட்டது. அவளுடைய அடையாள அட்டையில் கணவன் பெயர் இருக்கிறது, அவனுடையதில் அப்பா பெயர் இருக்கிறது. அக்கா தம்பிதான் என்று வட்டாட்சியர் சான்று கொடுத்தால் ஆஸ்பத்திரிக் குழு அனுமதி கொடுக்கும். யாரோ ஏழைப் பெண்ணைப் பிடித்து வந்து உறவு என்று சொல்லிவிடுவார்கள் என்பதால் அந்தக் குழு ரொம்பவே கறாராக இருக்கும். இருக்க வேண்டியதுதான்.

நான் விசாரித்தேன். கிராம நிர்வாக அலுவலர் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார். கோயில் சாமியார் ஞானஸ்நானப் பதிவைப் பார்த்துக் கடிதம் கொடுத்தார். சான்றைத் தயார் செய்து, இருவர் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கையெழுத்துக்காக வட்டாட்சியருக்கு அனுப்பினேன். இரண்டு படத்தின் மேலும் விழுகிற மாதிரி நடுவில் முத்திரை போட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. அதற்குள் ராமநாதபுரத்தில் தேர்தல் பயிற்சி என்று எனக்கு உத்தரவு வந்தது. முறைப்படி சாவியை வட்டாட்சியரிடம் ஒப்படைத்தேன். "அந்த ஆஸ்பத்திரிக் கேஸ் அவசரம் சார், மறந்துறாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

நான் இல்லாதபோது நடந்ததை அலுவலக உதவியாளர் காளிமுத்துவும் அருள்மேரியும் பிறகு என்னிடம் சொன்னார்கள்.

ஆயுத பூஜைக்கு விடுமுறை விடுவதற்கு முந்தின சாயங்காலம் நம் அலுவலகங்களில் பூஜை போடுவோம், தெரியும்தானே? ஜீப்பைக் கழுவி வாழைக் கன்று கட்டுவது, கணினிக்குப் பொட்டு வைப்பது, பொரி சுண்டல். நானும் சாமி கும்பிடுகிறவள்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் வட்டாட்சியர் அன்றைக்கு முத்திரையை வாழை இலையில் வைத்து, தன் கையாலேயே சந்தனத்தைக் குழைத்து, பித்தளை முகம் முழுக்க அப்பிவிட்டார். நடுவில் குங்குமம் வேறு. ஏன், பிடியில் ஒரு பொட்டு வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாளா? முகத்தில்தான் பூச வேண்டுமென்று எந்தச் சாமி கேட்டது?

அருள்மேரி அப்போதுதான் வந்திருக்கிறாள். கையெழுத்து முடிந்திருந்தது. முத்திரை மட்டும் போட வேண்டும்.

"பூஜையில வச்சாச்சும்மா. இனிமே எடுக்கக் கூடாது. லீவு முடிஞ்சு ஆபீஸ் தொறக்கட்டும், வா" என்றாராம்.

"சார், ஆபீஸ் தொறந்த மறுநாளே மதுரையில கூட்டம். பஸ்ஸு கிடைக்கணும். இப்பவே ஒரு குத்துக் குத்திக் குடுத்துட்டீங்கன்னா..."

"சாமிக்கு வச்சத எடுத்து, உன் தம்பிக்கே ஏதாச்சும் ஆயிட்டா என்ன பண்ணுவ?"

அதற்குமேல் அந்தப் பெண் என்ன பேசுவாள்? அவள் கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு நான் கேட்டபோது, "சாமி காரியத்துல நாங்க என்னத்தச் சொல்ல மேடம்? எங்க கோயிலுக்கு ஒன்னுன்னா நாங்க விடுவமா?" என்றாள். அடுத்தவர் சாமி மேல் அவளுக்கு இருந்த மரியாதையில் பாதியாவது அந்த மனிதருக்கு அவள் மேல் இருந்திருக்கக் கூடாதா?

அலுவலகம் திறந்த அன்று மறுபூஜை முடித்து முத்திரையை எடுத்தார்கள். வெளியே இருந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்தார்கள். கோபுரத்தின் வரிகளுக்குள்ளும் எழுத்துகளுக்குள்ளும் போனது சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. குத்திப் பார்க்க வேண்டாமா? அதெல்லாம் கிடையாது. அவருக்கு ஒரு நம்பிக்கை, பூஜை முடிந்த முதல் முத்திரை வீட்டுக் காரியத்துக்கு விழுந்தால் ராசி. மைத்துனருக்கு ஒரு சொத்து மதிப்புச் சான்று, மைத்துனரின் மகன் வெளிநாட்டில் படிக்க வங்கியில் கொடுப்பதற்கு. அதில் முதலில் குத்தினார். இரண்டாவதாக அருள்மேரியின் சான்று. கோபுரத்தின் தலை விழவில்லை. அலுவலகத்தின் பெயரில் பாதி எழுத்து அடைந்துபோய் மைத் திட்டாகக் கிடந்தது.

"சார், சரியா விழலையே" என்று காளிமுத்து சொல்லியிருக்கிறார்.

"மை காஞ்சிருக்கும். நல்ல நேரம் முடியப் போகுது, குடுத்து விடு."

அருள்மேரி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அரசாங்கம் கொடுத்த காகிதத்தைச் சரிபார்க்க அவள் யார்? மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

மறுநாள் நான் பயிற்சி முடிந்து திரும்பினேன். சந்தனம் அப்பியது, மைத்துனர் சான்று, எல்லாவற்றையும் காளிமுத்து வாசலிலேயே சொல்லிவிட்டார். சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தால் முத்திரை இல்லை. வட்டாட்சியர் அறையில் பேச்சுக் குரல் கேட்டது, உள்ளே போனேன். அவர் சொல்லச் சொல்ல தட்டச்சுக்காரர் அடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சான்றின் நகலோடு மின்னஞ்சலில் அவசரக் கடிதம் வந்திருந்தது. சான்றில் உள்ள முத்திரை சந்தேகமாக இருக்கிறது, இது உங்கள் அலுவலகம் கொடுத்ததுதானா, உடனே தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். கொண்டு வந்த பெண்ணைப் போலீஸ் அவுட்போஸ்டில் உட்கார வைத்திருப்பதாகவும் இருந்தது.

திரையில் இருந்த பதிலைப் படித்தேன். 'மேற்படி சான்றில் காணப்படும் முத்திரை, இவ்வலுவலக முத்திரையோடு ஒத்துப்போகவில்லை. இது குறித்து விரிவான விசாரணை மேற்கொள்ளப்படும்.'

"என்ன சார் இது?"

"ஏன், இதுல பொய் எங்க இருக்கு மேடம்? ஒத்துப்போகலதானே?"

"ஏன் ஒத்துப்போகலன்னு எழுதலையே சார். சந்தனத்த அப்பி வச்சது யாரு?"

"அதெல்லாம் விசாரணையில பாத்துக்கலாம்."

"விசாரணை முடியிற வரைக்கும் அந்தப் பொண்ணு எங்க இருப்பா? ஸ்டேஷன்லயா? அவ தம்பி எங்க இருப்பான்?"

"நீங்க எதுக்கு உணர்ச்சிவசப்படுறீங்க? சந்தனம்னு எழுதுனா கலெக்டர் ஆபீஸ்ல கேப்பாங்க. பத்திரிகைக்காரன் எழுதுவான். என் பேரு புரமோஷன் லிஸ்ட்ல இருக்கு, உங்களுக்குத் தெரியாததா? எல்லாம் அவன் செயல், அந்தப் பொண்ணுக்கு ஒன்னும் ஆகாது."

வந்ததே எனக்கு ஆத்திரம்! அந்த நேரம் பார்த்து காளிமுத்து வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் முத்திரை, இன்னொரு கையில் பழைய பல் துலக்கும் பிரஷும் மண்ணெண்ணெய்க் கிண்ணமும்.

"சார் கழுவச் சொன்னாரு மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

புரிகிறதா உங்களுக்கு? முத்திரையைச் சுத்தமாகக் கழுவிவிட்டால், ஒழுங்கான கோபுரம் விழும். அப்புறம் அருள்மேரி கையில் இருப்பது கள்ள முத்திரை என்று ஆகிவிடும். அப்படி எழுதக்கூட வேண்டாம், ஒத்துப்போகவில்லை என்ற ஒரு வார்த்தை போதும். மீதியைப் போலீஸ்காரன் பார்த்துக்கொள்வான்.

முத்திரையைக் காளிமுத்துவின் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினேன். "நேத்து வரைக்கும் சாவி உங்ககிட்ட இருந்துச்சு சார். இப்ப எங்கிட்ட வந்தாச்சு. சீல் என் பொறுப்பு. இதுல இருந்து ஒரு பொட்டுச் சந்தனம்கூட என்னக் கேக்காமப் போகக் கூடாது" என்றேன். என் குரல் வெளி ஹால் வரைக்கும் கேட்டிருக்கும். எழுத்தர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். மை அட்டையை இழுத்து, அவர் மேசையிலேயே ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் குத்தினேன். தலையில்லாத கோபுரம் விழுந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பியிருந்த நகலைப் பக்கத்தில் வைத்தேன்.

"இப்ப ஒத்துப்போகுதா சார்?"

அவர் சாமி படங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டுருங்க மேடம்" என்றார்.

இளம் நண்பர்களே, இந்த இடத்தில் உங்களுக்கு நியாயம் கைகொடுக்கும் என்று நினைக்காதீர்கள். நியாயத்தை நான் பேசி முடித்துவிட்டேன். அது அவர் காதில் ஏறவில்லை. விதியைச் சொன்னேன், அதுவும் ஏறவில்லை. வாசலில் நின்ற அத்தனை பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஊழியர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் கூட்டத்தில் நின்றுகொண்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு மைத்துனர் ஞாபகம் வந்தது.

"சரி சார். நேத்து இதே சீல்ல முதல்ல விழுந்தது உங்க மச்சினரோட சான்று. அதுலயும் கோபுரத்துக்குத் தலை இருக்காது. அதுவும் ஒத்துப்போகலன்னு பேங்க்குக்கு இதே மாதிரி ஒரு பதில் அனுப்பிருவோம். டைப் பண்ணச் சொல்லட்டுமா?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "என்ன மேடம், மிரட்டுறீங்களா?"

"ஆமா சார், மிரட்டுறேன்."

அவரே தட்டச்சுக்காரரிடம், "அத அழிச்சுரு" என்றார். புதுப் பதிலை நான் சொன்னேன். சான்று எங்களுடையது, கையெழுத்து எங்களுடையது, முத்திரை எங்களுடையது, பூஜையில் பூசிய சந்தனம் அடைத்துக்கொண்டதால் தெளிவாக விழவில்லை, தவறு முழுவதும் அலுவலகத்துடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல. அதே தாளில், கழுவாத முத்திரையை ஒரு தடவை குத்தினேன். பிறகு காளிமுத்து கழுவிக் கொடுத்ததும் பக்கத்தில் இன்னொரு தடவை குத்தினேன். பார்க்கிற குழந்தைக்கும் புரியும். அவர் கையெழுத்துப் போட்டார்.

அருள்மேரிக்காகப் போடவில்லை, மைத்துனருக்காகப் போட்டார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினோம். அசலைக் கையில் எடுத்துக்கொண்டு நானே மதுரைக்குப் பஸ் ஏறினேன். முத்திரையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடலாமா என்று ஒரு வேகம் வந்தது. வேண்டாம் என்று பெட்டியில் வைத்துப் பூட்டினேன். எத்தனை கோபம் வந்தாலும் முத்திரை அலுவலகத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் குழு கலைந்துவிட்டது. அவுட்போஸ்டில் அருள்மேரி சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், அழவில்லை.

"எவ்வளவுக்குப் பேசுனன்னு கேக்குறாங்க மேடம். எந்தம்பிக்கு நான் வெல பேசுவனா?"

எழுதிக்கொண்டிருந்த காவலரிடம் கடிதத்தை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "சந்தனமா?" என்று சிரித்தார். எனக்கு அவர் மேல்கூடக் கோபம் இல்லை. அவர் பார்த்தது எங்கள் முத்திரையைத்தான். எங்களை நம்பித்தான் அவளைச் சந்தேகப்பட்டார்.

அவளைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனேன். அந்தோணி முகமெல்லாம் வீங்கிக் கிடந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். நான் யார் என்று அவள் சொன்னாள்.

"எனக்கும் இவளுக்கும் ஒறவான்னு கேக்குறானுக மேடம்" என்று முழங்கையைத் திருப்பிக் காட்டினான். அரை வட்டமாக ஒரு பழைய தழும்பு. "சின்னப் புள்ளையில மீனுக்குச் சண்ட போட்டு இவ கடிச்சது. இந்தா, பல்லுப் பல்லா விழுந்து கெடக்கு பாருங்க. இதவிட நல்ல சீலு உங்க ஆபீஸ்ல இருக்கா?"

அருள்மேரி அவன் தலையில் தட்டினாள். "ஏலே, பேசாமப் படு." மூன்று பேரும் சிரித்தோம்.

குழு மறுபடி கூடி அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் அதற்குள் அவனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. கிருமித் தொற்று, இந்த நிலையில் கத்தி வைக்க முடியாது, இறங்கட்டும் என்றார்கள். இறங்கியது, மறுபடி ஏறியது. கிறிஸ்துமஸுக்கு ஊரெல்லாம் நட்சத்திர விளக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது அவனைக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

எங்கள் அலுவலகத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? எப்படியும் போக வேண்டிய உயிர்தான் மேடம், சந்தனத்தாலயா செத்தான் என்றார்கள். டாக்டர்கூடத் திட்டவட்டமாக எதுவும் சொல்லவில்லை. இருக்கலாம். முதல் கூட்டத்திலேயே அனுமதி கிடைத்திருந்தாலும் அவன் பிழைக்காமல் போயிருக்கலாம். ஆனால் அவனுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அக்கா தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வந்த வாய்ப்பு. பொரிப் பொட்டலத்தைக் கையில் திணித்து அதைத் திருப்பி அனுப்ப நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சாகக் கிடப்பவன் காத்திருக்கட்டும், சாமி காத்திருக்கக் கூடாது என்று எந்தச் சாமி சொன்னது? சொல்லுங்கள்!

வட்டாட்சியருக்குப் பதவி உயர்வு வந்தது. மாலை, பொன்னாடை, பிரியாணி. முத்திரையைத் தெய்வமாக மதித்தவர் என்று ஒருவர் மேடையில் பேசினார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னால் வந்த சங்கப் பொறுப்பாளர், "என்ன மேடம், மனசுல வச்சுக்கிட்டே இருக்கீங்க" என்றார். வேறு எங்கே வைத்துக்கொள்வது?

அடுத்த ஆயுத பூஜைக்கு முத்திரையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்கு மேலே பூ வையுங்கள், கற்பூரம் காட்டுங்கள், முத்திரை உள்ளேதான் இருக்கும். பூஜை நடக்கும்போது யாராவது அவசரமாக வந்தால் எடுத்துக் குத்திக் கொடுப்பேன் என்றேன். திமிர் பிடித்தவள் என்று பேர் வந்தது. நீங்களும் அந்தப் பேரை வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிட மாட்டீர்கள். காலையில் குத்திப் பாருங்கள். தப்பாக விழுந்துவிட்டால், எங்களுடையதுதான் என்று முதல் ஆளாகச் சொல்லுங்கள். முத்திரையைக் காப்பது என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டுவது மட்டும்தான் என்று எவனாவது சொன்னால் அவனை என்னிடம் அனுப்புங்கள்.

அந்தோணி போன கையோடு வந்த தை மாசம் என்று ஞாபகம், அருள்மேரி மறுபடி அலுவலகத்துக்கு வந்தாள். கூடவே அந்தோணியின் மனைவி, இடுப்பில் சின்னக் குழந்தை. அவன் மனைவிக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. கணவனை இழந்தவள் என்பதற்கு. நானே எழுதி, புகைப்படம் ஒட்டி, கையெழுத்து வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்து முத்திரையை எடுத்தேன். காலையிலேயே குத்திப் பார்த்ததுதான். மை அட்டையில் ஒற்றி, புகைப்படத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோனேன்.

"மேடம், ஒரு நிமிசம்" என்றாள் அருள்மேரி.

மஞ்சள் பையைத் துழாவி பஸ் டிக்கெட்டை எடுத்தாள். அதன் பின்பக்கத்தைத் திருப்பி, மடிப்பை நீவி, மேசையில் என் பக்கமாக நகர்த்தினாள். குத்திக்காட்டுகிற முகம் இல்லை அது. மருந்துச் சீட்டை இன்னொரு தடவை படித்துக் காட்டச் சொல்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. மொதல்ல இதுல ஒரு தடவ குத்திப் பாத்துக்கங்க மேடம்."

குத்தினேன். கோபுரம் முழுசாக விழுந்தது. அவள் டிக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அடியிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள். பிறகு தம்பி மனைவியின் படம் ஒட்டிய சான்றை என் பக்கம் தள்ளினாள்.

"இன்னைக்கு நல்லா விழுது மேடம். குத்துங்க" என்றாள்.